அறுநூறு ஓம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு வின்சன்டின் அறையில், களவு போன பொருளைத் தவிர மற்ற எல்லாமே இருந்தன. அலுமாரி அளவில் ஒரு ட்ரான்ஸ்மிட்டர் இருந்தது. சுவர் நிறைய, தூர தேசத்து ரேடியோக்காரர் அனுப்பிய தபாலட்டைகள் இருந்தன. கட்டிலுக்குக் கீழே வயர், கட்டிலுக்கு மேலேயும் வயர். ஜெமீல் உட்கார இடம் தேடி, கடைசியில் கதிரையில் கிடந்த காய்ந்த பாண் துண்டை இரண்டு விரலால் தூக்கி மேசையில் வைத்துவிட்டு அமர்ந்தான். பாணுக்கு ஊரே விடியற்காலை வரிசையில் நிற்கிற காலம். பாணை விட்டுவிட்டு மைக்கை எடுத்துப் போன கள்ளன் நிச்சயம் வசதியான வீட்டுப் பிள்ளை என்று தன் முதல் துப்பை அறிவித்தான்.

"அது துப்பு இல்லை," என்றாள் இன்பமலர். "உமக்குப் பசிக்குது எண்டதுக்கு அத்தாட்சி."

இன்பமலரைத் திருகோணமலை முகத்தால் அறிந்ததைவிடக் குரலால் அறிந்ததுதான் அதிகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாலு வருடமாக "நம்பர் ப்ளீஸ்" சொல்லுகிற குரல் அவளுடையது. பேசுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவாள். அப்படிப் பிடித்துப் பிடித்து, பொலிசுக்குப் போக வெட்கப்படுகிற சின்னச் சின்னக் களவுகள் எல்லாம் அவளிடம் வந்து சேர ஆரம்பித்தன. ஜெமீல் குறிஞ்சாக்கேணிக்காரன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவனுடைய மொறிஸ் மைனர் தள்ளினால்தான் ஓடும். அவனுடைய வாய் தள்ளாமலே ஓடும். மூன்று வருடமாக அவள் காதும் அவன் காரும் கூட்டுச் சேர்ந்திருந்தன.

களவு கொடுத்தவன் வின்சன்ட். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞன், வயது இருபத்தெட்டு. நிக்கலஸ் ஐயா என்ற டொக்யாட் ஃபோர்மனின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அவன் விஷயத்தைச் சொன்னான். நாளை விடிய ஐந்தரைக்கு, பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் கதைக்கிறவர்களுக்கான உலகப் போட்டி ஆரம்பம். திங்கட்கிழமை விடிய ஐந்தரை வரை நாற்பத்தெட்டு மணித்தியாலம். அதற்குள் எத்தனை நாட்டு ரேடியோக்காரரைக் கூப்பிட்டுக் கதைக்கிறோமோ அத்தனைக்குப் புள்ளி. ஒரு ஆளுக்குப் பத்து செக்கன் போதும். பேரைச் சொல்லு, இலக்கத்தைச் சொல்லு, அடுத்த ஆளைப் பிடி. மூன்று வருடமாக இலங்கையில் அவன்தான் முதலாவது. இந்த முறை விட்டால் வேறு முறை இல்லை. ஜனவரியில் அவனைப் பதுளைக்கு மாற்றுகிறார்கள். சுற்றிவர மலை. கடல் தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு ஓடுகிற ரேடியோ அலை அங்கே எந்த மலையில் முட்டிக்கொள்ளுமோ தெரியாது.

"மற்ற மைக் ரெண்டும் இஞ்சை கிடக்குதே," என்று ஜெமீல் மேசையைக் காட்டினான்.

அவற்றைப் பார்த்து வின்சன்ட் பெருமூச்சு விட்டான். போன ஞாயிறு பின்னேரம் மதராஸில் உள்ள ஒரு சிநேகிதருடன் மூன்று மைக்கையும் காற்றில் பரீட்சித்துப் பார்த்திருந்தான். எது எந்த மைக் என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் சொல்லிப் பேசுவது. கேட்கிறவர் தீர்ப்புச் சொல்லுவது. ஒன்றாவது பப்படம் பொரிக்கிற மாதிரி என்றாராம். இரண்டாவது, கிணற்றில் விழுந்த மனிதன் கயிறு கேட்கிற மாதிரி. மூன்றாவதைக் கேட்டதும், "இப்பத்தான் சார் உங்க பல்லே தெரியுது," என்றாராம். அந்த மூன்றாவதைத்தான் காணவில்லை. பழைய கப்பல் ஒன்றில் கழித்துவிட்ட சாமானிலிருந்து அவனே செய்த மைக். வெளிநாட்டுச் சாமான் ஒரு ஆணிகூட வராத நாளில் இன்னொன்று வாங்கவும் ஏலாது; ஒரு இரவுக்குள் செய்யவும் ஏலாது.

இன்பமலர் மேசையைச் சுற்றி வந்தாள். ட்ரான்ஸ்மிட்டரைப் பூப்போட்ட துணி ஒன்று மூடியிருந்தது. மூடியது யார் என்று கேட்டாள். வின்சன்ட் அப்போதுதான் அதைக் கவனித்தான். அவன் ஒருநாளும் அதை மூடுவதில்லை.

"தூசி படாமல் மூடிப்போட்டுப் போயிருக்கிறான்," என்றான் ஜெமீல். "இந்தக் கள்ளன் கிடைச்சால் எங்கடை வீட்டுக்கும் ஒருக்கா அனுப்புங்க மிஸ்."

மைக் வயர் பிடுங்கப்படவில்லை; திருகாணி பக்குவமாகக் கழற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. இன்பமலர் அதைக் கையில் எடுத்து, மேலே ஒட்டியிருந்த கடதாசித் துண்டை வாசித்தாள்.

"அறுநூறு ஓம். அப்பிடித்தானே?"

"எது அறுநூறு, மிஸ்?" என்றான் ஜெமீல். "எதுக்கு ஓம்?"

அவ்வளவு கவலையிலும் வின்சன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஓம், ஆமென்று தலையாட்டுகிற அந்த ஓம் இல்லை என்று விளக்கினான். மின்சாரத்துக்கு வயருக்குள் எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கிற அளவுக்கும் பெயர் ஓம். காணாமல்போன மைக் அறுநூறு ஓம். ஆனால் ட்ரான்ஸ்மிட்டர் எதிர்பார்ப்பது அதைவிட எத்தனையோ மடங்கு. இரண்டையும் நேரே இணைத்தால் மைக் முணுமுணுக்கும், அவ்வளவுதான். நடுவில் இந்தத் தகரப் பெட்டி இருந்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். அந்த மைக்குக்கென்று அளந்து அவனே கம்பி சுற்றியது.

"விளங்கிச்சு," என்றான் ஜெமீல். "ரெண்டு வீட்டாருக்கும் பொருத்தம் பாக்கிற புறோக்கர்."

இன்பமலர் தகரப் பெட்டியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். புறோக்கரை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது யாராக இருந்தாலும் அவருக்கு ரேடியோ தெரியாது என்றாள். அதுமட்டும் அல்ல, ஆளைப் பிரித்தறிய ஒரு கேள்வியும் கைக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் யாரிடமும் போய், "அறுநூறு ஓம் தானே" என்று கேட்கலாம். ரேடியோ தெரிந்தவருக்கு அது ஒரு அளவு. தெரியாதவருக்கு அது ஒரு சம்மதம்.

பிறகு, யார் யார் வந்தார்கள் என்று விசாரித்தாள். அறைக்குப் பூட்டு இல்லை, கொக்கி மட்டும்தான். பதினொரு மணிபோல் சின்னராசா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கிறவர். மூன்று வருடமாகப் போட்டியில் இரண்டாவதாக வருகிறவரும் அவர்தான். அதை யார் சொன்னது என்று இன்பமலர் கேட்டாள்.

"கிறிஸ்டின்," என்றான் வின்சன்ட். "வீட்டுக்காரற்றை மகள். பின்னேரத்தில தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா."

தேத்தண்ணி என்ற சொல்லுக்குள் இவ்வளவு சிவப்பு இருக்கும் என்று ஜெமீலுக்குத் தெரியாது. வின்சன்டின் இரண்டு காதும் ட்ரான்ஸ்மிட்டர் விளக்கைப்போல் பற்றிக்கொண்டன. உலகம் முழுக்கப் பத்துப் பத்துச் செக்கனில் ஆயிரம் பேரோடு கதைக்கிறவன், ஒரு பெயரைச் சொல்லப் பதினைந்து செக்கன் எடுத்துக்கொண்டான்.

வெளியேறும்போது சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணை ஜெமீலின் கண்ணில் பட்டது. எந்த மணிக்கு எந்தத் திசையில் கூப்பிட வேண்டும் என்ற திட்டம். சனி ஐந்தரை ஜப்பான், ஏழு அவுஸ்திரேலியா என்று அழகான எழுத்தில் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு நேரே "ஜேர்மனி" என்ற சொல்லில் மட்டும் ஒரு ஓட்டை. பென்சிலால் ஓங்கிக் குத்திய ஓட்டை.

"யுத்தம் முடிஞ்சு முப்பது வருஷமாச்சு," என்றான் ஜெமீல். "இந்த வீட்டிலை ஒராளுக்கு மட்டும் இன்னும் முடியேல்லை."

இன்பமலர் அந்த ஓட்டையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

மொறிஸ் மைனரை வின்சன்ட் தள்ள, இன்பமலர் கைப்பையை மடியில் வைத்தபடி ராணியைப்போல் அமர்ந்திருக்க, கார் இருமி எழுந்தது. கடற்கரை வீதியில் மான்கள் இரண்டு நடு றோட்டில் நின்று, ஹோர்னுக்குக் காது கொடுக்காமல் அசைபோட்டன. இவையும் வின்சன்டின் ஏரியல் கயிற்றை ஒருதரம் தின்றவை, சந்தேகப் பட்டியலில் சேர்ப்போமா என்று ஜெமீல் கேட்டான். மானுக்குத் திருகாணி கழற்ற வராது என்று இன்பமலர் பதில் சொன்னாள்.

ஜெமீலுக்குச் சின்னராசாவில் சந்தேகமே இல்லை, உறுதிதான் இருந்தது. மூன்று வருடம் இரண்டாவதாக வந்த மனிதன் நாலாவது வருடம் என்ன செய்வான் என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை என்று வழி முழுக்க வாதாடினான்.

சின்னராசா கடையில் வயிறு திறந்த ரேடியோக்களுக்கு நடுவில், தன் வயிற்றில் பனியனை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் பால் இல்லாத பிளேன்ரீ சொல்லி அனுப்பினார். இன்பமலர் கதிரை நுனியில் அமர்ந்து, வேறொன்றும் பேசாமல், வின்சன்டின் மூன்றாவது மைக் அறுநூறு ஓம் தானே என்று கேட்டாள்.

"ஓம், அறுநூறு ஓம்," என்றார் சின்னராசா, ஈயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. பிறகு தானே தன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

மைக் களவு போன செய்தியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஈயக்கோலைக் கீழே வைத்தார். பெட்டியை விட்டுவிட்டு மைக்கை எடுத்தவன் முழு மடையன் என்றார். தன்னிடம் இருக்கிற நல்ல மைக்கை வேண்டுமென்றால் வின்சன்ட் கொண்டுபோகலாம் என்றார். கள்ளனிடம் தோற்ற ஒருவனை வென்று தனக்கு என்ன பெருமை?

"அதோட தங்கச்சி, எனக்கு ஏன் களவு?" என்று குரலைத் தாழ்த்தினார். "வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவன் எப்பிடியும் ரேடியோச் செட்டை மூடத்தான் வேணும். அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் காணும். இண்டைக்குக் காலமை அவனைப் பாக்கப் போனதும் அதுக்குத்தான். கையைக் குலுக்கிப்போட்டு வருவம் எண்டு. ஆள் இல்லை."

ஏன் மூட வேண்டும், அது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஜெமீல் பாய்ந்தான். சின்னராசா காற்றைக் காட்டினார்.

"அதிலை கேட்டனான்," என்றார். அதற்கு மேல் பிளேன்ரீயை ஊதுவதைத் தவிர அவர் வாய் வேறொன்றுக்கும் திறக்கவில்லை.

காருக்குத் திரும்பி வரும்போது ஜெமீலுக்குக் கணக்குத் தெளிவாகிவிட்டது. இது மைக் களவோடு நிற்கிற விஷயம் இல்லை. ஞாயிறு நாலு மணிக்கு வின்சன்டுக்கு ஏதோ நடக்கப் போகிறது. அதே நாலு மணி. அதே ஜேர்மனி. ஓட்டை போட்ட பென்சில் நாளைக்குக் கத்தியாகலாம். பொலிசுக்குப் போவோமா என்று கேட்டான்.

"அந்த மனிசன் சொன்னது எல்லாம் உண்மை," என்றாள் இன்பமலர். "மூச்சு ஒரு இடத்திலும் தடக்கேல்லை. கையைக் குலுக்கப் போனது எண்டாரே, அது ஏன் எண்டு யோசியும். கெதியாத் தள்ளும்."

நிக்கலஸ் ஐயா வீட்டுப் படலைக்கு அவர்கள் வந்தபோது மணி ஐந்தே கால். கிறிஸ்டின் வெளியே வந்துகொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயதுப் பெண். கூந்தலுக்கு மேல் வெள்ளை லேஸ் முக்காடு, கையில் பூ வேலை செய்த துணிப்பை. அந்தப் பையை அவள் முட்டைப் பெட்டியைப்போல் நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒக்டோபர் மாதம், மாதா கோயிலில் தினம் பின்னேரம் செபமாலை. இந்தக் கிழமை மைக்குக்கு முன்னால் செபம் சொல்லுவது தன் முறை என்று மரியாதையாகச் சொன்னாள். களவைப் பற்றிக் கேட்டதற்கு, சின்னராசா அங்கிள் வந்துபோனதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்றாள். "தெரியாது" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வாங்கினாள். ஜெமீலுக்கே அது கேட்டது.

இன்பமலர் தன் கேள்வியைப் போட்டாள். வின்சன்டின் மைக், அறுநூறு ஓம் தானே?

கிறிஸ்டினின் கண்கள் சடாரென்று நிமிர்ந்தன.

"அறுநூறோ ஆறோ எனக்குத் தெரியாது, மிஸ். ஓமெண்டு சொல்லுறது மட்டும் அவருக்கு நல்லா வரும்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, விறுவிறு என்று கோயில் பக்கம் நடந்தாள்.

இன்பமலர் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு படலையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேரே பின்னறைக்குப் போய், போன ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். காற்றில் கதைத்த ஒவ்வொருவரையும் எழுதி வைப்பது ரேடியோக்காரருக்குக் கட்டாயம். மதராஸ் சிநேகிதரின் பேருக்கு நேரே மூன்று மைக்கின் தீர்ப்புகளும் இருந்தன. அதற்குக் கீழே, மைக் எத்தனை ஓம் என்று அவர் கேட்டதும் குறிக்கப்பட்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: "வாழ்த்துச் சொன்னார். எதற்கு?"

எதற்கு என்று வின்சன்டையே கேட்டாள். போட்டிக்கு முன்கூட்டிச் சொன்ன வாழ்த்தாக இருக்கும் என்று விட்டுவிட்டானாம். அன்றைய பேச்சு எங்காவது பதிவாகி இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. எந்த மைக்கில் எதைச் சொன்னோம் என்று ஒத்துப்பார்க்க, டேப் ரெக்கோடரைப் பக்கத்தில் ஓடவிட்டிருந்தான். பிறகு நேரமே கிடைக்கவில்லை. நாடாவைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அதில் தன் குரல் மட்டும்தான் இருக்கும், மதராஸின் குரல் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் வந்தது என்றும் சொன்னான்.

இன்பமலர் அதே ஹெட்ஃபோனை டேப்பில் மாட்டி, தன் காதில் வைத்துக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற மாதிரியே நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாடா ஓடியது. அவள் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் ஏறியது. நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, பதினாலு வருடம் உத்தியோகக் குரலில் பேசிப் பழகிய அந்த மனுஷி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். என்னவென்று ஜெமீல் கேட்டதற்கு, கடிகாரத்தைப் பாரும் என்றாள்.

மணி ஐந்து முப்பத்தைந்து. ஒக்டோபரில் ஜெமீல் கடிகாரம் பார்ப்பதே இல்லை. ஐந்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கி முழங்கினால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற கப்பலுக்கும் கேட்கும். அதை வைத்துத்தான் வீட்டுக்குப் போகிற கிண்ணியாப் படகுக்குப் புறப்படுவான். இன்றைக்கு ஏன் கேட்கவில்லை? யன்னலில் காதை வைத்தான். ஒலிபெருக்கி பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் போத்தலுக்குள் அடைபட்ட நுளம்பைப்போல், மெல்லிசாக, தூரமாக, முணுமுணுத்தது.

முணுமுணுப்பு. ஜெமீல் திரும்பிப் பார்த்தான். இன்பமலர் கைப்பையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"புறோக்கர் இல்லாத கலியாணம்," என்றான் அவன்.

"லைன் கிடைச்சிட்டுது," என்றாள் அவள்.

கோயில் ஒலிபெருக்கியைப் பழுது பார்த்தது யார் என்று வின்சன்டிடம் கேட்டாள். அவன்தான். தன் மைக்கில் இருக்கிற அதே மாதிரிப் பிளக்கையே அதற்கும் போட்டானா? ஓம், அதுதான் கையில் இருந்தது. அப்போதே ஓடிப்போய்ப் பிடிப்போம் என்று ஜெமீல் துள்ளினான். இன்பமலர் அவனைக் கதிரையில் இருத்தினாள். கடவுளோடு கதைக்கிற லைனை இடையில் வெட்டக்கூடாதாம். செபம் முடியட்டும் என்றாள்.

ஆறேகாலுக்கு அவள் மட்டும் கோயில் வாசலுக்குப் போய்க் கிறிஸ்டினைக் கூட்டிவந்தாள். கிறிஸ்டின் பின்னறை வாசலில் நின்று, துணிப்பைக்குள் கைவிட்டு, மூன்றாவது மைக்கை எடுத்து மேசையில் மெல்ல வைத்தாள். கோயில் மைக் அங்கே அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதைத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். வின்சன்ட் மைக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் தவித்தான்.

"ஊரெல்லாம், உலகமெல்லாம் கதைக்கிற மைக்," என்றாள் அவள். குரல் நடுங்கினாலும் தலை குனியவில்லை. "ஒரு நாளாவது செபம் சொல்லட்டும் எண்டு கொண்டுபோனனான். திங்கட்கிழமை தந்திருப்பன்."

ஏன் என்று வின்சன்ட் கேட்டான். அந்தக் கேள்விதான் அவளைப் பற்றவைத்தது. நீர்கொழும்பிலிருந்து ஞாயிறு பின்னேரம் அவளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் நாலு மணிக்கு வந்து அப்பாவோடு கதைப்பீர்களா என்று போன ஞாயிறு, இந்த இடத்தில், இந்தக் கதிரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். இரண்டு வருடமாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த துணிவையெல்லாம் சேர்த்துக் கேட்டாள். அவன் ஓம் என்றான். அன்றிரவு முழுக்க அவள் நித்திரை கொள்ளவில்லை, சந்தோஷத்தில். நேற்று அறை கூட்ட வந்தால், சுவரில் அட்டவணை.

"நாலு மணிக்கு ஜேர்மனி எண்டு எழுதியிருக்கு," என்றாள். அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வின்சன்ட் வாயைத் திறந்தான். தன் காதில் அப்படி ஒன்றும் விழவே இல்லை, எப்போது ஓம் என்றேன் என்று தடுமாறினான். அவள் முகம் இன்னும் இறுகியது. ஜெமீலுக்கு அவனுக்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இன்பமலர் டேப்பைத் தட்டிவிட்டாள். இந்தமுறை ஹெட்ஃபோன் இல்லை, எல்லோருக்கும் கேட்டது. கிறிஸ்டினின் குரல் தெளிவாக வந்தது. நீர்கொழும்பு, ஞாயிறு, நாலு மணி, அப்பா, கதைப்பீர்களா. அடுத்து வின்சன்டின் குரல், தங்குதடை இல்லாமல், அழகாக:

"ஓம்."

வின்சன்ட் கதிரையைப் பிடித்துக்கொண்டான். தன் குரலே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதைக் கேட்டு முகம் வெளிறிவிட்டது. கிறிஸ்டின் கண்ணீருக்கு நடுவில் வென்றுவிட்டவள்போல் எல்லோரையும் பார்த்தாள்.

"இப்ப இன்னும் கொஞ்சம் முன்னாலை இருந்து," என்றாள் இன்பமலர், நாடாவைச் சுற்றியபடி. "ஒரு லைனை நடுவிலை இருந்து கேட்டால் எப்பவும் இந்தக் கதிதான்."

நாடாவில் வின்சன்ட் மதராஸோடு கதைத்துக்கொண்டிருந்தான். பொறுங்க, பார்த்துச் சொல்லுறன், பெட்டியிலை எழுத்து அழிஞ்சு கிடக்கு என்றான். விரலால் துடைக்கிற சத்தம். "அறுநூறு..." என்றான். பிறகு மௌனம். அந்த மௌனத்தில், அவன் வாய் ஓய்ந்தது என்று நம்பி, கதிரைக்குப் பின்னால் நின்ற பெண் தன் வாழ்க்கையையே கேட்டுவிட்டாள். அவள் கேட்டு முடித்த கணத்தில், ஹெட்ஃபோனால் காது அடைபட்ட இவன் கடைசி எழுத்தை வாசித்து முடித்தான்.

"ஓம்."

இன்பமலர் டேப்பை நிறுத்தினாள்.

பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள். மதராஸ் சிநேகிதர் எதற்கு வாழ்த்துச் சொன்னார் என்பது இப்போது விளங்குகிறதா? அந்த மௌனத்திலும் வின்சன்டின் விரல் பேசுகிற பொத்தானில் அழுந்தியபடிதான் இருந்தது. மூன்றாவது மைக் அப்படிப்பட்ட மைக். பல்லையே காட்டுகிற மைக், கதிரைக்குப் பின்னால் நின்றவளையா விட்டுவிடும்? மதராஸ் கேட்டது. கடையில் செட்டைத் திறந்து வைத்திருந்த சின்னராசாவும் கேட்டார். நல்ல நேரம் பார்த்துச் செட்டை மூடப்போகிறவனுக்குக் கை குலுக்கத்தான் இன்றைக்கு வந்தார்.

"உலகமே கேட்டிட்டுது, தம்பி," என்றாள் இன்பமலர். "கேளாத ஆள் நீர் ஒராள்தான்."

கிறிஸ்டின் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புத்தான். மதராஸ் வரைக்குமா என்று முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டாள். காலநிலை நல்லதென்றால் மலாயா வரைக்கும் போயிருக்கும் என்று வின்சன்ட் உண்மையைச் சொன்னான். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது. அதுதான் அவனுடைய கஷ்டம்.

பிறகு அவன் ஒரு ரப்பரை எடுத்தான். சுவரில் இருந்த அட்டவணைக்குப் போய், ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி, ஜேர்மனியை அழித்தான். அதே அழகான எழுத்தில் "நிக்கலஸ் ஐயா" என்று எழுதினான். எழுதிவிட்டு, இந்த ஸ்டேஷன் பதில் தருமோ தெரியாது என்றான்.

அப்பா இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார் என்றாள் கிறிஸ்டின். வாய் திறந்து கேட்காத பெடியனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அம்மாவிடம் புலம்புகிறாராம். நீர்கொழும்புக்காரரை வரச்சொன்னதே அந்தக் கோபத்தில்தானாம்.

சின்னராசா அந்த ஒரு மணித்தியாலத்தில் முந்திவிடுவார் என்று ஜெமீல் ஞாபகப்படுத்தினான். முந்தட்டும் என்றான் வின்சன்ட். மற்ற நாற்பத்தேழு மணித்தியாலமும் தனக்குக் கிடக்கிறது. கையில் மைக்கும் இருக்கிறது. இன்பமலர் தகரப் பெட்டியை மேசையில், மைக்குக்குப் பக்கத்தில், புறோக்கருக்கு உரிய மரியாதையோடு வைத்தாள். தன் வேலை முடிந்தது என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆனால் கிறிஸ்டின் வழியை மறித்து நின்றாள். இன்னும் ஒன்று பாக்கி. சாட்சிக்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பழக்கத்தில் வின்சன்ட் எடுத்துக் கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னாள். வின்சன்ட் கழற்றினான். பொத்தானிலிருந்து கையை எடுக்கச் சொன்னாள். பொத்தான் மூன்று முழம் தள்ளி இருந்தது. ஆனாலும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"ஞாயிறு நாலு மணிக்கு அப்பாவோட கதைப்பீங்களா?"

"ஓம்."

கிறிஸ்டின் தலையைச் சரித்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"எத்தனை ஓம்?"

வின்சன்ட் இந்தமுறை எழுத்தைத் துடைத்துப் பார்க்கவில்லை.

"அறுநூறு."